பத்து மீட்டர் பிளாஸ்மா: ருபிடியமா, மின்னிறக்கமா, ஹெலிகானா?

செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அவேக் சோதனைக்குத் தேவை, மெல்லிய நீண்ட ஒரு பிளாஸ்மாத் தூண்; பிளாஸ்மா என்றால் எலக்ட்ரான்கள் அணுக்களை விட்டுப் பிரிந்து திரியும் வாயு. 400 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் கற்றை அதற்குள் பாய்ந்து அலைகளை எழுப்பும். அந்த அலைகளில் ஏறி எலக்ட்ரான்கள் வேகம் பிடிக்கும். 2018இல் 10 மீட்டர் தூணிலேயே 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரை எட்டிவிட்டார்கள். அடுத்த ஆசை, இதைப் பல மடங்கு நீட்டுவது. எந்தப் பிளாஸ்மாவை வைத்து என்பதுதான் கேள்வி.

களத்தில் மூன்று பேர்: ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவி, மின்னிறக்கக் குழாய், ரேடியோ அலையால் பிளாஸ்மா உண்டாக்கும் ஹெலிகான். மூவருக்கும் பரீட்சை ஒன்றே: முனைக்கு முனை அடர்த்தி மாறக்கூடாது. எவ்வளவு கறாராக? கன சென்டிமீட்டருக்கு 7×10¹⁴ எலக்ட்ரான் என்ற அடர்த்தியில் அலைநீளம் சுமார் 1.25 மில்லிமீட்டர். எலக்ட்ரான் ஏறுவது நூறாவது அலையில் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 1 சதவீதம் மாறினால் அலைநீளம் அரை சதவீதம் மாறும். நூறு அலைகளில் அது சேர்ந்து அரை அலை ஆகிவிடும். முன்னே தள்ள வேண்டிய இடம் பின்னே இழுக்கும். அதனால்தான் வரம்பு கால் சதவீதம்.

ருபிடியம் இதைச் சுலபமாகத் தாண்டுகிறது. சூடான எண்ணெய் சுற்றிவரும் குழாயில் ஆவியை நிரப்பி, ஒவ்வொரு அணுவிலிருந்தும் ஓர் எலக்ட்ரானை லேசர் துடிப்பால் உரித்துவிடுகிறார்கள். வெப்பநிலை சமமாக இருந்தால் ஆவியும் சமம், பிளாஸ்மாவும் சமம். ஆனால் போகிற வழியெல்லாம் லேசர் தன் ஆற்றலைச் செலவழிக்கிறது. நீளத்துக்கு ஒரு எல்லை உண்டு.

மின்னிறக்கக் குழாய் எளிய ஆள்: கண்ணாடிக் குழாய், மந்த வாயு, இரு முனையிலும் மின்முனை, ஒரு மின்துடிப்பு. 2023இல் 10 மீட்டர் குழாயை ஆர்கான், செனான், ஹீலியம் வைத்துப் புரோட்டான் கற்றையிலேயே சோதித்தார்கள். நீளம் கூடினால் மின்னழுத்தமும் கூட வேண்டும், அப்புறம் துண்டு துண்டாக இணைக்க வேண்டும்; இணைப்புகளில்தான் சிக்கல்.

காகிதத்தில் மிக அழகானது ஹெலிகான். குழாய்க்கு வெளியே ஆன்டெனா, அச்சு நெடுக காந்தப்புலம், பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. உள்ளே மின்முனையே கிடையாது. நீளம் வேண்டுமா, ஆன்டெனாக்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 1970இல் ராட் பாஸ்வெல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிவைத்த வழி இது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 1 மீட்டர் கருவி 7×10¹⁴ஐத் தொட்டும் காட்டிவிட்டது.

சரி, அடர்த்தி கிடைத்தது. அது குழாய் நெடுக எப்படிப் பரவியிருக்கிறது? கலிஃபோர்னியாவில் பிரான்சிஸ் சென் குழுவினர் 1990களில் அளந்தபோது, உச்சம் ஆன்டெனாவுக்கு அடியில் இல்லை. சற்றுத் தள்ளி இருந்தது. ஆன்டெனாவுக்கு அருகே எலக்ட்ரான்கள் சூடாக இருக்கும். விலகிப்போகையில் மோதி மோதி ஆறும். காந்தப்புலக் கோட்டு வழியே அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், வெப்பநிலை இறங்குகிற இடத்தில் அடர்த்தி ஏறுகிறது. இன்னும் தள்ளிப் போனால்தான் அதுவும் விழுகிறது. போதாக்குறைக்கு, முறுக்கிய அரைச்சுருள் ஆன்டெனா இரண்டு பக்கத்தையும் சமமாக நடத்துவதில்லை. பிளாஸ்மா ஒரு பக்கமே நீளும்; காந்தப்புலத்தைத் திருப்பினால் மறுபக்கம் போகும். அடர்த்தி மிக உயர்ந்தால் நடுவில் அயனியாகாத வாயுவே குறைந்துபோகும்.

ஆக, ஆன்டெனாக்களை அடுக்கும்போது அடர்த்தி மேட்டின் மேல் மேட்டையும் சேர்த்தே அடுக்குகிறோம். ஒன்றின் சக்தியை மாற்றினால் பக்கத்து மேடும் அசையும். ராக்கெட் உந்திக்காரர்களுக்கு இதே குணம் வரம்: கான்பராவில் கிறிஸ்டின் சார்லஸும் பாஸ்வெல்லும் 2003இல் காட்டியதுபோல, குறைந்த அழுத்தத்தில் புலம் விரியும் இடத்தில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி அயனிகளை வெளியே தள்ளும். முடுக்கிக்காரர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அளந்து பார்ப்பதையும் மறக்கக்கூடாது. ருபிடியம் ஆவியின் அடர்த்தியை வெள்ளொளிக் குறுக்கீட்டு முறையில் அரை சதவீதத்துக்கும் நுட்பமாக அளக்க முடிகிறது. ஹெலிகானில் உலோக ஆய்வுமுனையை நுழைத்தால் பிளாஸ்மாவே கலையும். லேசர் சிதறல் முறையில் அளந்தால், புள்ளி புள்ளியாகச் சேர்த்தும் கால் சதவீதத்தை நிரூபிப்பது கடினம்.

என் கணக்கில், 10 மீட்டருக்கு ருபிடியம்தான், யோசிக்கவே வேண்டாம். சில பத்து மீட்டருக்கு மின்னிறக்கத்தின் மேல் பணம் கட்டுவேன். நூறு மீட்டர் என்று வந்தால்தான் ஹெலிகானுக்கு வாய்ப்பு. அதற்கு முன் இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே அடர்த்தி தட்டையாக நிற்கிறது என்று அளந்து காட்ட வேண்டும்.