மாவுப் பெட்டியில் பெல்டியர்: இரண்டு கோடை தாண்டியபின்

மதுரை செல்லூரில் அக்கா நடத்தும் மாவுக்கடைக்கு நான் செய்து கொடுத்த பெட்டி இரண்டு கோடையையும் ஒரு மார்கழியையும் பார்த்துவிட்டது. மார்கழியில் மாவு பொங்க உள்ளே 30 டிகிரி வேண்டும். சித்திரையில் பொங்கிய மாவு புளிக்காமல் இருக்கக் குளிர்ச்சி வேண்டும். பெல்டியர் என்பது கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு. அதில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் குளிர்ந்த பக்கம் சூடாகிவிடும், அதனால்தான் அதைப் பிடித்தேன். சிக்கல் என்னவென்றால், 12706 என்ற மாடல் தகடுகள் நான்கு பேரலலில் சேர்ந்தால் 12 வோல்ட்டில் 18-20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைத் திருப்பிவிடுவது சின்ன சுவிட்ச் வேலை இல்லை.

கார் ஹெட்லைட்டுக்குப் போடுகிற 5 பின் ரிலே (காயிலில் கரண்ட் போனால் உள்ளே காண்டாக்டை இழுத்து மாற்றும் சுவிட்ச்) இரண்டு வைத்தேன். இரண்டு ரிலேயின் காமனும் பெல்டியரின் இரு முனைகளுக்கு, என்ஓ (ரிலே இழுத்தால் காமனோடு சேரும் பின்) பிளஸ்ஸுக்கு, என்சி (இழுக்காதபோது சேர்ந்திருக்கும் பின்) மைனஸ் பக்கம். ஒன்று இழுத்தால் குளிர், இன்னொன்று இழுத்தால் சூடு. இரண்டும் சேர்ந்து இழுத்தாலும் ஷார்ட் ஆகாது, பெல்டியரின் இரு முனையும் பிளஸ்ஸில் நிற்கும், அவ்வளவுதான். திசையைத் திருப்ப நாலு மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைக்கும் ஹெச் பிரிட்ஜ் சர்க்யூட்டில் இந்த நிம்மதி கிடையாது. ஒரே பக்கத்து மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரு கணம் சேர்ந்து ஆன் ஆனால் ஷார்ட்டாகிப் போச்சு. திசை எப்போதாவதுதான் மாறுகிறது, அதற்கு அத்தனை செலவு வீண்.

ரிலே காயில் 150 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் அதற்குத் தாங்காது. அதைவிடப் பெரிய பிடி139, அதன் பேஸில் 470 ஓம் ரெசிஸ்டர், ரிலே ஆஃப் ஆகும்போது காயில் உதைக்கும் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைத் தாக்காமல் காயிலுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடு என்று போட்டேன்.

ஆனால் இந்த ரிலேக்கள் ஓடுகிற கரண்டை வெட்டுவதே இல்லை. மைனஸ் வழியில் இரண்டு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் பேரலலில் இருக்கின்றன, ஆன், ஆஃப் எல்லாம் அவற்றின் பொறுப்பு. மாஸ்ஃபெட்டை ஆன் செய்யும் கேட் காலுக்கு முழு 12 வோல்ட் கொடுத்திருப்பதால் அத்தனை கரண்டிலும் இரண்டும் சேர்ந்து 2 வாட் அளவுக்குத்தான் சூடாகின்றன. வாடிப்பட்டிப் பக்கமிருந்து பழுதுக்கு வந்த ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டியில் ரிலேயையே நேரடியாக வெட்ட விட்டிருந்தார்கள். மூடியைக் கழற்றினால் ஒரு காண்டாக்டில் குழி, எதிர்க் காண்டாக்டில் அதே அளவுக்கு ஒரு முளை. டிசி ஆர்க் உலோகத்தை இங்கிருந்து அங்கே சுமந்து வைத்திருக்கிறது. என் பெட்டியின் ரிலேயைத் திறந்து பார்த்தேன், காண்டாக்ட் வழுவழுப்பாகவே இருக்கிறது.

இன்னொரு விஷயம், பலரும் யோசிக்காதது. இரு பக்கமும் 40 டிகிரி வித்தியாசத்தில் இருக்கும்போது தகடு தானே 2 வோல்ட் அளவுக்கு எதிர்த்து உற்பத்தி செய்யும். அப்போது (12-2) வோல்ட், தகட்டின் 2 ஓமில் 5 ஆம்பியர். அந்த நொடியே திருப்பினால் எதிர்த்த 2 வோல்ட் கூடச் சேர்ந்துகொண்டு 7 ஆம்பியராகிவிடும். தகட்டின் உச்ச அளவே 6 சொச்சம். அதோடு தகட்டுக்குள் இருக்கும் ஈயப் பற்றுகளுக்கும் அதிர்ச்சி. அதனால் முதலில் மாஸ்ஃபெட் ஆஃப், மூன்று நிமிடம் ஆற விட்டு ரிலே மாறும், அப்புறம்தான் மறுபடி ஆன். "தம்பி, பெட்டி செத்துப் போச்சாடா?" என்று அந்த மூன்று நிமிடத்தில் அக்கா போன் போட்டது உண்டு.

சூடு ஏற்றும்போது உள்ளே இருக்கும் ஹீட்சிங்கின் சூடு எகிறாமல், 65 டிகிரியில் தானே துண்டித்துக்கொள்ளும் தெர்மல் கட்-அவுட் ஒன்றை மாஸ்ஃபெட்டின் கேட் வயரில் வைத்திருக்கிறேன். இது இல்லாமல் இரவில் விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் வராது.

தேய்ந்தது எது? மின்விசிறிகள்தான். மாவுக்கடையின் ஈரத்துக்கு ஸ்லீவ் பேரிங் ஃபேன் கரகரக்க ஆரம்பித்தது, பால் பேரிங் வாங்கிப் போட்டேன். ரிலே சாக்கெட்டின் ஒரு லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பழுப்பேறியிருந்தது, வயரை அதில் நெரித்துப் பிடித்த கிரிம்ப் தளர்ந்ததால் வந்த சூடு. டவுன்ஹால் ரோட்டில் 4 ஸ்கொயர் எம்எம் வயருக்கான லக் வாங்கி மாற்றியதும் சரி.

குளிர்ச்சி மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். சித்திரை வெயிலில் 200 வாட் தின்றுவிட்டு இது தருகிற குளிர்ச்சி, பழைய சிங்கிள் டோர் ஃபிரிட்ஜுக்குக் கிட்டவே வராது.