டம்பெல், கர்லா, கெட்டில்பெல்: கைக்கு எந்த எடை சரி?

கைக்கு எடை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். அதை வடிவமைக்க உட்காருகிறவர் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டாக வேண்டும்: அந்தக் கிலோ முஷ்டியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? 4 கிலோ டம்பெல்லும், பயில்வான்கள் சுழற்றும் 4 கிலோ கர்லாக்கட்டையும் தராசில் ஒன்றுதான். கையில் பிடித்து முன்னால் நீட்டினால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மணிக்கட்டு சொல்லிவிடும்.

இந்த அலசலில் நான் மனதில் வைத்திருப்பவர் ஐம்பதைத் தாண்டியவர். ஜிம்முக்குப் போகாதவர், வீட்டு ஹாலில் தினம் கால் மணி நேரம் கைக்குப் பயிற்சி கொடுக்க நினைக்கிறவர். பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், தோள் சில நேரம் வலிக்கலாம். இருபது வயதுப் பையனுக்கு எந்தக் கருவியைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்வான். இவருக்கு அப்படி இல்லை, கருவிதான் இவருக்குத் தோதாக அமைய வேண்டும்.

முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி 5 கிலோவைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டிலிருந்து முஷ்டி சுமார் 35 செ.மீ. தூரம். பைசெப்ஸ் தசை முன்கை எலும்பைப் பிடித்து இழுக்கும் இடமோ மூட்டுக்கு 4 செ.மீ. பக்கத்திலேயே இருக்கிறது. நெம்புகோல் கணக்குப் போட்டால், கையில் இருக்கும் 5 கிலோவுக்குத் தசை 40 கிலோவுக்கு மேல் இழுத்தாக வேண்டும். வெளியே அரை கிலோ கூட்டினால் உள்ளே 4 கிலோவுக்கு மேல் கூடுகிறது. கைக்கான கருவியில் அரை கிலோ என்பது சில்லறை விஷயம் இல்லை. கீழே ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

நிலையான எடை கொண்ட டம்பெல்லில் தொடங்கலாம். ரப்பர் பூசிய அறுகோணத் தலை இரண்டு, நடுவில் குரோம் பிடி. பிடித்தவுடன் மனதுக்கு நம்பிக்கை வரும் வடிவம் இது. எடை முஷ்டியின் இரண்டு பக்கமும் சரிபாதியாக நிற்பதால் மணிக்கட்டை எந்தப் பக்கமும் முறுக்காது. தரையில் வைத்தால் உருளாது, திருகவோ மாட்டவோ எதுவும் இல்லை. இதன் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: எடை ஏறும் படிகள். ஜிம் செட்டுகளில் 2.5, 5, 7.5 என்று இரண்டரை இரண்டரையாக ஏறும். முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குப் போனாலே எடை இரட்டிப்பாகிவிடும். சின்ன எடைகள் 1, 2, 3 கிலோ என்று கிடைக்கின்றன, சரி. ஆனால் கையைப் பக்கவாட்டில் நீட்டித் தூக்கும் பயிற்சியில் 2-லிருந்து 3-க்குப் போவது பாதிக்குப் பாதி கூட்டுவது. தோள் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. தசை சீக்கிரம் பலப்படும், தசைநாண் மெதுவாகத்தான் பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் தோள்வலி ஆரம்பிக்கிறது. படிக்கு ஒரு ஜோடி என்று வாங்கிக்கொண்டே போனால் வீட்டில் வைக்க இடமும் இருக்காது.

அப்படியானால் பிளேட், அதாவது எடைத் தட்டு, மாற்றும் டம்பெல். நம் ஊரில் 'ஹோம் ஜிம் செட்' என்று விற்பதில் பெரும்பாலும் வருவது பிவிசி பிளேட்கள். வெளியே பிளாஸ்டிக் கூடு, உள்ளே சிமென்ட் கலவை. இரும்பு வார்ப்பு ஒரு கன செ.மீ.க்கு 7 கிராமுக்குச் சற்று மேல். கான்கிரீட் 2.4 கிராம்தான். அதே எடைக்கு மூன்று மடங்கு பருமன் தேவைப்படுகிறது என்று அர்த்தம். 5 கிலோ இரும்பு பிளேட் முக்கால் லிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும், சிமென்ட் பிளேட்டுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். கையை மடக்கும்போது அந்தப் பருமனான தட்டு முன்கையில் இடிக்கும், இறக்கும்போது தொடையில் உரசும். அதைத் தவிர்க்க, தூக்குகிறவர் தன்னையறியாமல் முழங்கையை வெளியே தள்ளிக்கொள்வார். பயிற்சியின் வடிவமே அங்கே கெட்டுப்போகிறது. நாலு தடவை கீழே போட்டால் கூடு விரிசல் விட்டு, தரையெல்லாம் சிமென்ட் தூள். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதே அமைப்பில் இரும்பு பிளேட் போட்டால் கதை மாறுகிறது. 25 மி.மீ. தண்டு, இரண்டு முனையிலும் மரை, அதில் நட்சத்திர நட். கிலோ கணக்கில் விற்கும் இரும்பு பிளேட்டை வேண்டியபோது வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மிகச் சின்ன பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் ஒரேயடியாக 2.5 கிலோ ஏறிவிடும். நிலையான டம்பெல்லில் பார்த்த அதே படிதான். ஆனால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, டயலைத் திருகினால் எடை மாறும் வகை. பலருக்கும் ஆசை இதில்தான். போஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் 552 மாடலை எடுத்துக்கொண்டால், ஒரே கருவி 2 கிலோ சொச்சத்திலிருந்து 24 கிலோ வரை போகும். நினைத்துப் பார்த்தால் அருமையான பொறியியல். ஆனால் கீழ்க்கோடியில் இருக்கும் நம் ஆளுக்கு இது பொருந்தாது. 2.5 கிலோ வைத்தாலும் கருவியின் நீளம் அதே 40 செ.மீ. இருக்கும், ஏனென்றால் இரண்டு கோடியிலும் டயலோடு பிடி முழுதாகக் கூடவே வரும். பாதுகாப்பும் யோசிக்க வேண்டிய விஷயம். 2025 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இதே நிறுவனப் பெயரில் விற்ற 552, 1090 மாடல்களில் சுமார் 38 லட்சம் டம்பெல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே தட்டுகள் பிடியிலிருந்து கழன்று விழ வாய்ப்பு உண்டு என்பதுதான் காரணம். தலைக்கு மேல் தூக்கும் பொருளில் கண்ணுக்குத் தெரியாத பூட்டு இருப்பதை நான் விரும்புவதில்லை. நட் இறுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க முடிகிற பூட்டுதான் வேண்டும்.

கெட்டில்பெல்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரஷ்யாவில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்லிலிருந்து வந்தது. அங்கிருந்த பழைய அளவான 'பூட்' 16.38 கிலோ. இன்றும் 16, 24, 32 என்று பந்தயக் கெட்டில்பெல்கள் அந்த வழியில்தான் வருகின்றன. வளையப் பிடிக்குக் கீழே மொத்த எடையும் தொங்குவதால் இடுப்பையும் முதுகையும் சேர்த்து வீசும் பயிற்சிக்கு இதைப்போல வேறில்லை. கைக்கு மட்டும் என்றால் அது முன்கை எலும்பின் மேல் சாய்ந்து கன்றிப்போக வைக்கும். பந்தய வகையின் பிடி 33, 35 மி.மீ. இருக்கும். சின்னக் கைக்கு அது தடிமன். நம் ஆளுக்கு வேண்டாம்.

அப்புறம் கர்லாக்கட்டை. இதற்கு நேரம் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் இது வேறு வேலை செய்கிற கருவி. 60 செ.மீ. நீளமுள்ள 4 கிலோ கர்லாவில் எடையின் மையம் முஷ்டியிலிருந்து 40 செ.மீ. தள்ளி நிற்பதாகக் கொள்வோம். கிடைமட்டமாகப் பிடித்தால் அந்த முறுக்கு முழுவதையும் மணிக்கட்டும் முன்கையும் தாங்க வேண்டும். அதே எடை டம்பெல்லில் இந்த முறுக்கு கிட்டத்தட்ட பூஜ்யம். இனி சுழற்றிப் பார்ப்போம். ஒன்றரை நொடிக்கு ஒரு சுற்று என்று சீராகச் சுழன்றால், கீழே வரும்போது 4 கிலோ கட்டை ஏறக்குறைய 7 கிலோவாகக் கையை இழுக்கும். உச்சிக்குப் போகும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் தோள்மூட்டு இப்படி இழுபட்டுத் தளர்ந்து, மறுபடி இழுபடுகிறது. தோளைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகளுக்கு டம்பெல்லால் கிடைக்காத வேலை இதில் கிடைக்கிறது.

இந்த இழுவையைத் தாங்கத்தான் கைப்பிடியின் முடிவில் குமிழ் வைக்கிறார்கள். அது அலங்காரம் இல்லை. வியர்த்த கையிலிருந்து கட்டை வழுக்கும்போது கடைசி விரல் அந்தக் குமிழில் மாட்டித்தான் நிற்கும். கடைசலில் செய்யச் சொல்லும்போது பிடிப் பகுதிக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம், எண்ணெய் மட்டும் தேய்த்தால் போதும் என்று சொல்லிவிடுவது நல்லது. மரத்தின் கனமும் முக்கியம். ஒரு கன செ.மீ.க்கு 0.8 கிராம் உள்ள கெட்டி மரத்தில் 4 கிலோவுக்கு 5 லிட்டர் பருமன் வேண்டும். லேசான மரத்தில் அதே எடை கொண்டுவந்தால் கட்டை தொப்பை பெருத்து முதுகில் இடிக்கும்.

இந்தியாவில் பார்த்துக் கற்றுக்கொண்ட பிரிட்டிஷ் ராணுவத்தார் 19-ஆம் நூற்றாண்டில் இதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு போட்டியாகவே இருந்தது. நம் ஊர்ப் பயில்வான்கள் கையில் எடுத்த பொருளை இன்றைக்கு ஸ்டீல் குழாயில் செய்து வெளிநாட்டுப் பெயரில் விற்கிறார்கள். பரவாயில்லை, ஆனால் மூலத்தை மறக்க வேண்டாம் என்பது என் ஆதங்கம்.

இவ்வளவு பிடித்திருந்தும், வீட்டு ஹாலில் முதல் கருவியாகக் கர்லாவைச் சொல்ல மாட்டேன். 165 செ.மீ. உயரமுள்ளவர் கையைத் தூக்கினால் முஷ்டி 2 மீட்டரைத் தாண்டும். அதற்கு மேல் 60 செ.மீ. கட்டை என்றால் சீலிங் ஃபேன் சிறகு எட்டும் உயரம். மொட்டைமாடி அல்லது வாசல் வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். தவறான சுற்று தோளைக் காப்பதற்குப் பதில் கெடுத்துவிடும். இரண்டும் இருந்தால் ஒன்றரை, இரண்டு கிலோவில் தாராளமாகத் தொடங்கலாம்.

பிடிப்பே வராத விரல்களுக்கு, முடக்குவாதக்காரர்களுக்கு, மணிக்கட்டில் வெல்க்ரோவால் கட்டும் மணல் பட்டை இருக்கிறது. விரலுக்கு வேலையே இல்லை. முஷ்டியைவிட மணிக்கட்டு முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதே ஒரு கிலோ கால்பங்கு லேசாகத் தெரியும். பிசியோதெரபிஸ்ட்கள் இதைக் கொடுப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் பிடிப்பும் பலப்பட வேண்டியவருக்கு இது அந்தப் பலனைத் தராது.

ஸ்பிரிங் வைத்தவையும் உண்டு. யூஜின் சாண்டோ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விற்ற டம்பெல்லில் பிடியே இரண்டாகப் பிளந்து நடுவில் ஸ்பிரிங்குகள் இருந்தன. அமுக்கிப் பிடித்தபடியே தூக்க வேண்டும். எடையோடு பிடிப்பையும் சேர்த்த நல்ல யோசனை அது. 2009-இல் வந்த, குலுக்கும் 'ஷேக் வெயிட்' அந்த வரிசையில் சேராது. ஒரு கிலோ சொச்சத்தைச் சின்ன வீச்சில் ஆட்டிக்கொண்டே இருப்பதில், கை முழு நீளத்துக்கு மடங்கி விரிவதே இல்லை.

ஆக, நானே வடிவமைத்தால் இரும்பு பிளேட் மாற்றும் டம்பெல்தான், ஆனால் இரண்டு மாற்றங்களோடு. முதல் மாற்றம் தண்டில். 28 மி.மீ. கெட்டிக் கம்பியில் 32 செ.மீ. வெட்டினால் வெறும் தண்டே ஒன்றரை கிலோ வந்துவிடும். ஒரு கிலோவில் தொடங்க வேண்டியவருக்கு வாசலிலேயே கதவு சாத்தியது போல. பதிலாக முக்கால் இன்ச் ஜிஐ பைப். வெளிவிட்டம் 27 மி.மீ. இருப்பதால் பெரும்பாலான கைகளுக்கு அடக்கமாக இருக்கும், அதே நீளம் அரை கிலோதான். இரண்டு முனையிலும் நீளமாகத் திரெட் போட்டு, பிளேட்டுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று செக் நட் (இறுக்கிப் பூட்டும் மெல்லிய நட்) போட்டால் போதும். பிளம்பிங் கடையில் எல்லாம் கிடைக்கும். திரெட் போட்ட இடத்தில் பைப் மெலிந்துவிடும், அதனால் மொத்தம் 6 கிலோவுக்கு மேல் இதில் ஏற்றக் கூடாது. அதற்கு மேல் போகிறவர் கெட்டித் தண்டுக்கு மாறிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பிளேட். 6 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் 87 மி.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி நடுவில் 28 மி.மீ. துளை போட்டால் ஒரு பிளேட் சரியாகக் கால் கிலோ வரும். ஜோடியாக மாட்டினால் அரை கிலோ. எட்டு ஜோடி செய்துகொண்டால் எடை அரை அரையாக ஏறும். லேத் பட்டறையில் விளிம்பைக் கொஞ்சம் உருட்டித் தரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கையைக் கிழிக்கும். வட்டமாக இருப்பதால் உருளும். ஒரு பக்கம் மட்டும் கடைசி பிளேட்டை வட்டமாக வெட்டாமல் 90 மி.மீ. சதுரமாக விட்டால் அந்தத் தொல்லையும் தீரும். எடை கொஞ்சம் கூடுவதை நடுத்துளையைப் பெரிதாக்கிச் சரிக்கட்ட முடியாது, அதனால் மறுபக்கமும் அதே சதுரம் ஒன்று.

பிடியில் நர்லிங், அதாவது வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான கோடுகள், போடலாமா என்று லேத்காரர் கேட்பார். மெல்லிய பைப்பில் வேண்டாம். சைக்கிள் ஹேண்டிலுக்குச் சுற்றும் துணி டேப்பே போதும், வியர்வையை உறிஞ்சும், பழசானால் மாற்றலாம். செய்து முடித்ததும் முழு எடையையும் மாட்டி, கட்டிலில் போட்ட மெத்தைக்கு மேல் முழங்கால் உயரத்திலிருந்து சாய்வாக நாலைந்து முறை விட்டுப் பார்க்க வேண்டும். செக் நட் கால் சுற்று தளர்ந்தாலும் அது தலைக்கு மேல் போகத் தயாராகவில்லை. வெளி நட்டுக்குப் பின்னால் இன்னொரு நட் போட்டு இரண்டையும் எதிரெதிராக இறுக்கி, மறுபடி விட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுப் பெரியவர் கையில் கொடுக்கலாம்.