பேனிக் அட்டாக் உள்ளவர்களுக்கு ஸ்மார்ட்வாட்ச் உதவுமா?

இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, மன அழுத்தம், தூக்கம் ஆகியவற்றைக் காட்டும் நடுத்தர விலை ஸ்மார்ட்வாட்ச் ஒன்றைச் சில மாதங்களாக அணிந்துவருகிறேன். பேனிக் அட்டாக் எனப்படும், திடீரெனத் தாக்கும் கடும் அச்சத்துக்குச் சிகிச்சை பெற்றுவருபவன் என்பதால், அந்த நோய் உள்ளவர்களுக்கு இது பயன்படுமா என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. சொல்லப்போவது இவ்வகைக் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

பேனிக் அட்டாக்கின்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. மூச்சும் வேகமாவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன; தலை சுற்றுகிறது. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு தானாகவே தணிந்துவிடும் இந்த நிலை, அனுபவிப்பவருக்கு மரணமே வந்துவிட்டதுபோல் இருக்கும். உடலில் தோன்றும் ஆபத்தில்லாத மாற்றத்தை உயிருக்கு வந்த ஆபத்தாக மனம் எடுத்துக்கொள்ள, அந்த அச்சமே துடிப்பைக் கூட்ட, கூடிய துடிப்பு அச்சத்தை மேலும் வளர்க்கிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார்.

துடிப்பு எச்சரிக்கை வசதி நுழைவது சரியாக இந்தச் சுழலுக்குள்தான். எச்சரிக்கை எல்லையை நிமிடத்துக்கு 120 துடிப்பு என்று வைத்திருந்தால், பதற்றம் ஏறத் தொடங்கிய வேளையில் மணிக்கட்டு அதிர்ந்து, பயப்படக் காரணம் இருக்கிறது என்று அறிவிக்கிறது. எண் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான். 84 என்று பார்த்ததும் கிடைக்கும் நிம்மதி சற்று நேரமே நீடிப்பதால், மறுபடியும் பார்க்கத் தோன்றுகிறது. தப்பித்தது கடிகாரத்தால்தான் என்று மனம் பதிந்துகொண்டால், அது கையில் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போகவும் தயக்கம் வரும். உளவியல் சிகிச்சை இதற்கு நேர் எதிரான திசையில் செல்கிறது: வேண்டுமென்றே படியேறி, சுழல் நாற்காலியில் சுற்றி, உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிட்டு, அதே உடல் உணர்ச்சிகளை வரவழைத்து, அவை ஆபத்தற்றவை என்பதை எண்களின் துணையில்லாமலே பழக்குகிறார்கள். அந்தப் பயிற்சியின் நடுவே கடிகாரத்தைப் பார்த்தால் பயிற்சியின் பலன் குறைந்துவிடும்.

அளவீட்டைப் பொறுத்தவரை, தோலில் பாயும் பச்சை ஒளியைக் கொண்டு துடிப்பை எண்ணும் இந்த முறை, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது. பட்டை தளர்ந்தாலோ கை வேகமாக அசைந்தாலோ எண் தவறலாம். மன அழுத்த மதிப்பெண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. துடிப்புகளுக்கிடையிலான நேர வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடப்படும் அந்த எண்ணால் மகிழ்ச்சியில் வரும் படபடப்பையும் அச்சத்தில் வரும் படபடப்பையும் பிரித்தறிய முடியாது. விலை உயர்ந்த மாடல்களில் உள்ள இசிஜி வசதி சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவலாம். மாரடைப்பைக் கண்டறிய அது போதாது. எனவே, முதன்முறையாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் 108க்கு அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேனிக் அட்டாக் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

நடைக் கணக்கு எனக்கு உண்மையாகவே உதவியது. வெளியே போவதைத் தவிர்த்துவந்தவனுக்கு, வாரத்துக்கு வாரம் நடை கூடுவதைப் பார்ப்பது பெரிய ஊக்கம். மூச்சுப் பயிற்சி வசதியும் நன்று. ஆனால் அதை அன்றாடப் பழக்கமாகச் செய்ய வேண்டுமே தவிர, அட்டாக்கை நிறுத்தும் கருவியாக நம்பத் தொடங்கினால் அதுவும் துடிப்பைப் பார்ப்பதுபோலவே ஆகிவிடும்.

துடிப்பைக் கண்காணிக்க வேண்டும் என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் சொற்படி நடக்கலாம். மற்றபடி, பேனிக் அட்டாக் உள்ள மகளுக்கோ கணவருக்கோ அக்கறையோடு இதை வாங்கித்தர நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, வேண்டாம் என்பதே. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் துடிப்பு எச்சரிக்கையையும் மன அழுத்த மதிப்பெண்ணையும் அணைத்துவிட்டு, முகப்பில் நேரமும் நடைக் கணக்கும் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை உளவியல் ஆலோசனைக்குச் செலவிடுவது நல்லது. செலவிட இயலாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம், அல்லது இரவானாலும் பகலானாலும் 14416 என்ற கட்டணமில்லா அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.