கெப்ளரா, டெஸ்ஸா? வீட்டுக் கணினியில் கோள் தேட எந்தத் தரவு நல்லது

வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைத் தேட இன்று சொந்தத் தொலைநோக்கி வேண்டாம். சுமாரான லேப்டாப்பும் இணையமும் போதும். நாசாவின் இரண்டு விண்கலங்கள் எடுத்த பதிவுகள் மாஸ்ட் என்ற காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகக் கிடக்கின்றன. ஒன்று 2009-ல் கிளம்பிய கெப்ளர், இன்னொன்று 2018-ல் கிளம்பிய டெஸ். எதில் இறங்குவது என்று கொஞ்ச காலம் இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிவிட்டு நான் டெஸ் பக்கம் போய்விட்டேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். விண்மீனுக்கு முன்னால் கோள் கடந்து போகும்போது வெளிச்சம் துளி குறையும். வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவென்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. சீரான இடைவெளியில் அந்தப் பள்ளம் திரும்பத் திரும்ப வந்தால் கோளாக இருக்க வாய்ப்புண்டு. லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு இரண்டு கலங்களின் தரவையும் படிக்கும் என்பதால் மென்பொருளில் பேச எதுவுமில்லை.

கெப்ளருக்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். அதன் தொலைநோக்கியின் வாய் அகலம் 95 செ.மீ. டெஸ்ஸின் நான்கு கேமராக்களில் ஒவ்வொன்றுக்கும் பத்தரை செ.மீ.தான். சிக்னஸ், லைரா என்ற விண்மீன் கூட்டங்களுக்கு இடைப்பட்ட ஒரே துண்டு வானத்தில் சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களை நான்கு ஆண்டுகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தது. பூமியைப் போல ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கோளைப் பிடிக்க வேண்டுமானால் அப்படித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. உறுதியான கோள்கள் 2,600-க்கும் மேல். நம் சூரிய மண்டலத்தில் இல்லாத ஒரு ரகம், அதாவது பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவுள்ள கோள்கள், வெளியே மலிந்து கிடக்கின்றன என்று தெரிந்ததும் இதனால்தான். விண்மீன்களில் எத்தனை பங்குக்குக் கோள் உண்டு என்பது மாதிரியான கணக்கு உங்களுக்குப் பிடிக்குமென்றால் மேலே படிக்காமலே கெப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு பிடிப்பில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: பள்ளம் கிடைத்துவிட்டது, சரி, அடுத்து என்ன?

ஒளிவளைவு, அதாவது நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம், சொல்வது கோளின் குறுக்களவை மட்டும்தான். அது பாறையா, வாயு உருண்டையா என்று அறிய எடை வேண்டும். எடை வேண்டுமானால் கோளின் ஈர்ப்பில் விண்மீன் முன்னும் பின்னும் ஆடுவதை நிறமாலைமானியில் அளக்க வேண்டும். வெளிச்சத்தை வண்ண வண்ணமாகப் பிரித்து, அதில் நூலிழை அளவு நகர்வைப் பார்க்கும் வேலை அது. அதற்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். கெப்ளரின் விண்மீன்களில் பெரும்பாலானவை அதைத் தர முடியாத அளவுக்கு மங்கல், தொலைவிலும் இருக்கின்றன. டெஸ் குறிவைக்கும் விண்மீன்கள் அவற்றைவிட 30 முதல் 100 மடங்கு பிரகாசமானவை. என்னைப் பொறுத்தவரை தராசு சாய்ந்தது இங்கேதான்.

இரண்டு கோள்களை எடுத்துப் பார்ப்போம். 2015-ல் செய்திகளில் பூமியின் அண்ணன் என்கிற மாதிரி கொண்டாடப்பட்டது கெப்ளர்-452பி. சூரியன் போன்ற விண்மீன், 385 நாள் ஆண்டு, பூமியைப் போல ஒன்றரை மடங்கைவிடச் சற்று அதிக அகலம். ஆனால் அதன் எடையை இன்றுவரை யாரும் அளக்கவில்லை. 2018-ல் கெப்ளர் தரவிலேயே ஊறியவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தப் பள்ளங்கள் கருவியின் கோளாறால் வந்தவையாக இருக்கக்கூடும் என்பதைத் தேவையான உறுதியோடு மறுக்க முடியவில்லை, தனியாக இன்னொரு கருவி பார்க்காமல் இதை உறுதியான கோள் என்று சொல்லக் கூடாது என்பது அவர்கள் வாதம். கெப்ளர் திரும்பிப் பார்த்துச் சொல்லுமா? எரிபொருள் தீர்ந்து 2018 அக்டோபரில் அதற்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. அவ்வளவு மெல்லிய பள்ளத்தைத் தரையிலிருந்து பிடிக்கவும் வழியில்லை. வழக்கு அப்படியே நிற்கிறது.

அதே 2018-ல் டெஸ் தன் முதல் மாதப் பதிவிலேயே பை மென்சே சி என்ற கோளைப் பிடித்தது. நம்மிடமிருந்து சுமார் 60 ஒளியாண்டு தொலைவு. அது சுற்றுவது இருட்டான தென்வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும் விண்மீனை. அந்த விண்மீனுக்குப் பெரிய கோள் ஒன்று இருப்பது 2001-லேயே தெரிந்திருந்ததால் ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் பல ஆண்டுகளாக அதன் நிறமாலையை எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். புதிய கோள் ஒருமுறை சுற்ற 6.27 நாள் என்று டெஸ் சொன்னதும் பழைய பதிவுகளில் அந்தக் கால அளவில் தேடினார்கள், ஆட்டம் அங்கேயே இருந்தது. அகலம் பூமியைப் போல இரண்டு மடங்கு, எடை ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் அடர்த்தி பூமியைவிட நன்றாகக் குறைவு. ஆக அது வெறும் பாறையாக இருக்க முடியாது, மேலே நீரோ வாயுவோ போர்த்தியிருக்க வேண்டும். கண்டுபிடித்துச் சில வாரங்களிலேயே இவ்வளவும் சொல்ல முடிந்தது.

இந்தப் பதிவை நீங்களே இறக்கிப் பாருங்கள். முதல் பார்வைக்குப் புள்ளிகளின் கூட்டம்தான் தெரியும், நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். டெஸ் 13.7 நாளுக்கு ஒருமுறை பூமியை நெருங்கி வந்து தரவைக் கொட்டிவிட்டுப் போகும் நேரம் அது. அந்த ஓரங்களில் வளைவு கொஞ்சம் கோணலாக இருப்பதைக் கோள் என்று நினைத்துவிட வேண்டாம். பிறகு மொத்தப் பதிவையும் 6.27 நாளாக மடித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், பத்தாயிரத்தில் மூன்று பங்கு ஆழத்தில், மூன்று மணி நேர அகலத்தில், அடி தட்டையான ஒரு பள்ளம் எழுந்து வரும். பத்தரை செ.மீ. லென்ஸ் பிடித்த பள்ளம்!

விண்மீன் பிரகாசமாக இருந்தால் நம் ஊர்க் கருவிகளுக்கும் வேலை வரும். அகமதாபாதின் இயற்பியல் ஆய்வுக்கூடம் மவுண்ட் அபுவில் வைத்திருக்கும் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ் என்ற நிறமாலைமானி இருக்கிறது. டெஸ் காட்டிய டிஓஐ-1789 விண்மீனின் கோளை 2021-ல் அதைக் கொண்டு எடைபோட்டார்கள். கெப்ளரின் வழக்கமான விண்மீன்களை அந்தக் கருவியிடம் கொடுத்துப் பயனில்லை. ஆனால் கெப்ளரின் இரண்டாவது வாழ்க்கை வேறு கதை. 2013-க்குள் கலத்தைத் திசை மாறாமல் பிடித்திருக்கும் நான்கு சுழல்சக்கரங்களில் இரண்டு போய்விட, சூரிய ஒளியின் அழுத்தத்தையே முட்டுக்கொடுத்துக் கலத்தை நிலைநிறுத்தி, கே2 என்ற பெயரில் ஓட்டினார்கள். அதில் கிடைத்த பிரகாசமான விண்மீன் ஒன்றின் கோளையும் பாரஸ் எடைபோட்டிருக்கிறது. கே2 மட்டும் தனிப் போட்டியாளராக நின்றிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

டெஸ்ஸின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஒரு பகுதி வானத்தை அது தொடர்ந்து பார்ப்பது சுமார் 27 நாள்தான். நீண்ட ஆண்டு கொண்ட கோளென்றால் ஒரே ஒரு பள்ளத்தோடு நிற்க வேண்டியிருக்கும். ஆனால் கிரகண வட்டத்தின் (வானத்தில் சூரியன் ஓராண்டில் நகரும் பாதை) துருவங்களுக்கு அருகே பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கிட்டத்தட்ட ஓராண்டுப் பதிவு கிடைக்கும். டிஓஐ-700 அங்கேதான் இருக்கிறது. நீர் திரவமாக இருக்கக்கூடிய மிதவெப்பத் தொலைவில் ஒரு கோள் 2020-ல் வந்தது, தரவு சேரச் சேர 2023-ல் இன்னொன்று.

இன்னொரு குறை இதைவிடத் தொந்தரவு. டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) அகலம், கெப்ளருடையது நான்கு. பரப்பில் பார்த்தால் 27 மடங்குக்கும் மேல். ஒரே பிக்சலுக்குள் பக்கத்து விண்மீன்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருந்தால் கோள் மாதிரியே வேஷம் போடும். ஒற்றைப்படைப் பள்ளமும் இரட்டைப்படைப் பள்ளமும் ஒரே ஆழமா, விண்மீன்களின் இடங்களை அளந்த கயா கலத்தின் பட்டியலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டு சோதனைகளையும் நான் விடுவதில்லை. மிக மங்கலான சிவப்புக் குள்ள விண்மீன்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே இந்தச் சோதனைகள் போதுமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தொடங்குபவர்களுக்கு என் யோசனை டெஸ் தரவில் வாஸ்ப்-18 என்ற விண்மீன். அதன் கோள் ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் சுற்றிவிடும், பள்ளம் நூற்றில் ஒரு பங்கு அளவு இருப்பதால் மடிக்காமலே கண்ணில் படும். கெப்ளர்தான் வேண்டுமென்றால் கெப்ளர்-10 எடுத்துப் பாருங்கள். விண்மீன் அந்தக் கூட்டத்தில் ஓரளவு பிரகாசமானது, அதனாலேயே அதன் பாறைக் கோளுக்கு எடையும் கிடைத்திருக்கிறது.