இலங்கை மலைநாட்டுச் சுற்றுக்கு வேனா, ஓட்டோவா?

கம்பளையில் தொடங்கி றம்பொடை, நுவரெலியா, எல்ல, வெல்லவாய. இருவர் மட்டும், ஆளுக்கொரு பை என்றால் ஓட்டோ போதும். பிள்ளைகளோ வயதானவர்களோ இருந்தால் வேன்தான்.

ஏற்றம்
ஓட்டோ: மூவர் ஏறினால் றம்பொடை வளைவுகளில் முதல் கியரிலேயே முனகும்.
வேன்: வெப்பமுள் உயர்ந்தால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இறக்கம்
வேனுக்கு உண்மையான சோதனை இங்கேதான். எல்லயிலிருந்து வெல்லவாய வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும்; மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. ஏறும் கியரிலேயே இறங்குங்கள். பழைய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சீக்கிரம் கொதிக்கும். மாற்றி இரண்டு வருடமானால் புறப்படுமுன் புதிதாக ஊற்றுங்கள்.
ஓட்டோ: பாரம் குறைவு, ஆனாலும் நியூட்ரலில் உருட்டவே கூடாது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் அந்தப் பழக்கம் பொல்லாதது.

பழுது
ஓட்டோ: கையோடு கொண்டுபோக கிளட்ச் கேபிள், பிளக், ஸ்பெயார் டயர். மற்றதெல்லாம் டவுண் கராஜில் கிடைக்கும்.
வேன்: ஃபேன் பெல்ட், கூலன்ட், சில்லுக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை.

தூக்கம்
வேனில் கால் நீட்டலாம். ஓட்டோவில் முதுகு போய்விடும்.