தரச்சான்று உறைக்குள் வந்த போலி 1914-டி சென்ட்

இணைய ஏலத்தில் வாங்கிய 1914-டி லிங்கன் சென்ட் (டென்வர் நாணயச்சாலையின் ‘டி’ குறி கொண்ட அமெரிக்க ஒரு சென்ட் நாணயம்), அதிகம் அறியப்படாத ஒரு தரச்சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில், பளபளக்கும் ஹோலோகிராமுடன் வந்து சேர்ந்தது. உறைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். உள்ளே இருப்பதற்கு ஒன்றே மிகை.

டென்வர் நாணயச்சாலை அவ்வாண்டு ஏறத்தாழ 12 லட்சம் சென்ட்டுகளை மட்டுமே அச்சிட்டதால், மலிவாகக் கிடைக்கும் 1944-டி சென்ட்டின் முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்குவது பழைய தந்திரம். இரண்டின் எடையும் 3.11 கிராம்தான் என்பதால் தராசு உதவாது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது 9-க்கும் 1-க்கும் இடையே வழக்கத்தைவிட அகன்ற இடைவெளி தெரிந்தது. அதைவிட முக்கியமாக, 1918-இல்தான் லிங்கனின் தோளடியில் சேர்க்கப்பட்ட வி.டி.பி. என்னும் வடிவமைப்பாளரின் முதலெழுத்துகள், 1914 என்று சொல்லிக்கொள்ளும் இந்த நாணயத்தில் தெளிவாக இருந்தன. ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய இதைத் தவறவிட்டவர்கள், எம்எஸ்-63 (புழக்கத்துக்கு வராத நாணயங்களுக்கான தரங்களில் ஒன்று) என்று துல்லியமாகத் தரம் மட்டும் போட்டிருக்கிறார்கள்!

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற பெயர்பெற்ற தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தின் உண்மைத்தன்மைக்குப் பண உத்தரவாதம் தருகின்றன. இந்நிறுவனத்தின் விதிமுறைகளில் அப்படி ஒரு வரிகூட இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சான்றளித்தவர்களோ மின்னஞ்சலுக்குப் பதில்கூட அனுப்பவில்லை.