கொல்லிமலையில் மெஷ்டாஸ்டிக்: நாலு பைக், நாலு போர்டு

கொல்லிமலைக்கு பைக்கில் போகும்போதெல்லாம் ஒரே கூத்துதான். காரவள்ளி தாண்டி ஏற ஆரம்பித்ததும் போன் சிக்னல் விட்டு விட்டு வரும், 70 கொண்டை ஊசி வளைவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் முன்னால் போனவன் ஓரங்கட்டிக் காத்திருப்பான். இந்தத் தடவை லோரா போர்டு (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் சின்ன ரேடியோ) வாங்கி, செய்தியைப் போர்டுக்குப் போர்டு கடத்திவிடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளை அதில் ஏற்றிக்கொண்டு போனோம். ஐந்து வாங்கினோம், நாலுதான் மலை ஏறியது. விற்றவர் ஆன்டெனாவைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார், மாட்டாமல் ஆன் செய்யாதே என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை, ஒன்றின் ரேடியோ போயே போச்சு.

சிம், டவர் எதுவும் வேண்டாம். போனை புளூடூத்தில் சேர்த்தால் போதும். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆப்பில் ரீஜனை மட்டும் இந்தியாவுக்கு மாற்ற வேண்டும், அதுவரை போர்டு எதையும் அனுப்பாது.

சரி, ஓடுகிற வண்டிக்கு ஒத்துவருமா? டவர் இல்லாமல் கருவிகளே தங்களுக்குள் இணைந்துகொள்ளும் ஏஓடிவி மாதிரியான அட்-ஹாக் முறைகள் யார் வழியாக யாருக்கு என்று பாதை கண்டுபிடித்த பிறகே அனுப்பும். நடுவில் ஒருவன் நகர்ந்தால் பாதை அறுந்து மறுபடி தேடல். மெஷ்டாஸ்டிக்கில் குழுச் செய்திக்குப் பாதையே கிடையாது. கேட்ட போர்டு திரும்பக் கத்தும், அவ்வளவுதான். அதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு: மங்கலாகக் கேட்ட போர்டு, அதாவது பெரும்பாலும் தள்ளி இருப்பது, முதலில் கத்தும், அதைக் கேட்ட மற்றவை வாயை மூடிக்கொள்ளும். ஒரு செய்தி போர்டுக்குப் போர்டு வழக்கமாக மூன்று தாவல் போகும், வேண்டுமானால் 7 வரை ஏற்றலாம்.

ஆனால் பாறை குறுக்கே வந்தால் எந்தச் சாமர்த்தியமும் செல்லாது. நான் மேலே, இரண்டு பேர் கீழே, நேராக ஒரு செய்தியும் போகவில்லை. காப்பாற்றியது நடுவில் வந்த மாப்பிள்ளைதான். போட்டோ எடுக்கிறேன் என்று பள்ளத்தாக்கு தெரிகிற வளைவாகப் பார்த்து நிற்பான், அவன் நிற்கும்வரை எங்கள் செய்திகள் அவன் போர்டு வழியாகப் போய் வந்தன, கிளம்பினான், செய்தி போகவில்லை என்று ஆப் காட்டியது. இத்தனை வருஷம் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்!

குறை? தமிழில் எழுதினால் இடம் போதாது. ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட், 'க' என்றால் 3 பைட், 'கொ' என்றால் 6. மூன்றாவது வளைவிலேயே தங்கிலீஷுக்கு மாறிவிட்டேன். வேகமும் நொடிக்குச் சுமார் 1 கிலோபிட்தான், குரல் பேச்செல்லாம் நினைக்கவே வேண்டாம். மேப்பில் ஆள் இருக்கும் இடம் சுமார் 100 மீட்டர் நகர்ந்த பிறகு, அதுவும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாறாது, அதனால் வளைவுகளில் நண்பன் மலைக்குள் புகுந்து வெளியே வருவது போலத் தெரியும்.

இரண்டே வண்டி என்றால் வாங்காதீர்கள், நடுவில் கத்த ஆள் இருக்காது. நாலைந்து பேர் என்றால் தாராளமாக வாங்கலாம், ஆன்டெனாவை முதலில் மாட்டுங்கள். அடுத்து ஏற்காடு, மாப்பிள்ளைக்கு கேமரா பேட்டரி இன்னொன்று வாங்கித் தருவதாக இருக்கிறோம்.